ஒரு டம்ளர் காபியின் கணக்கு

எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஆறு டம்ளர் காபி. மாமியாருக்குச் சர்க்கரை கூடாது. மாமனாருக்கு அரைக் கரண்டி. கணவருக்கு டிகாஷன் தூக்கலாக, மகளுக்குப் பால் தூக்கலாக. வேலைக்கு வரும் அக்காவுக்கு டம்ளர் நிறைய, ஆவி பறக்க வேண்டும். கடைசியில் எனக்கு. 22 ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். விளக்கைப் போடாமலேயே பொடியை அளந்து போட்டுவிடுவேன்.

ஆறு பேருக்குப் பழகிய அந்தக் கைக்கு ஒருவருக்குக் காபி போடத் தெரியாது என்பதை 2019 ஜனவரியில், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தின் நடுவே, விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தெரிந்துகொண்டேன். நான் முதன்முதலாகத் தனியாகக் கூடாரம் போட்டுத் தங்கிய இரவு விடிந்த வேளை அது. அதற்குப் பிறகு ஒன்பது முறை போய்வந்துவிட்டேன். கூடாரம் எப்படி வாங்குவது, பையில் என்னென்ன வைப்பது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். காபி என்று வந்தால் மட்டும் இன்ஸ்டன்ட் பொடியைக் கொண்டுபோகச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டு நாள் எனக்கென்று எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறவள், அந்த இரண்டு காலையிலும் நல்ல காபி குடிக்க வேண்டும் என்று நினைப்பது பேராசை இல்லை. எனவே அந்த ஒரு டம்ளரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இடம். நான் தங்குவது தனியார் தோட்டத்தில், உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. காபிக் கொட்டை காயவைக்கும் களத்துக்குப் பக்கத்தில் ஒரு சமதரை இருக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் தோட்டக் காவலரும் அவர் மனைவியும் வசிக்கும் வீடு. தனியாகப் போகிற பெண்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இருக்க வேண்டும், எங்கே இருக்கிறோம் என்பது ஊரில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் தங்குவது குற்றம். அந்த யோசனையே வேண்டாம். விறகு மூட்டிக் காபி போடும் ஆசையும் எனக்கு இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீ பரவி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லும் சருகும் கிடக்கிற மலைச் சரிவில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை அதற்குப் பிறகும் யாராவது சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா? சிறிய எரிவாயு அடுப்பு, அதைச் சுற்றி இரண்டு முழம் சருகைக் கூட்டித் தள்ளிய வெறுந்தரை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். இந்த மூன்றும் இல்லாமல் தீக்குச்சியை எடுப்பதில்லை.

முதல் முறை நான் கொண்டுபோனது வீட்டு ஃபில்டர். ஆறு பேருக்கு ஆகும் பெரிய எவர்சில்வர் ஃபில்டர். ஒருவருக்குத்தானே என்று மூன்று கரண்டிப் பொடியைப் போட்டேன். அடித்தட்டை மூடியும் மூடாமலும் மெல்லிய படலமாகப் பொடி விழுந்தது. வெந்நீரை ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் கீழே இறங்கிவிட்டது. திறந்து பார்த்தால் தேநீர் நிறத்தில் ஒரு தண்ணீர். பொடி குறைவு என்று நினைத்து மறுநாள் வீட்டில் போடும் அளவையே போட்டேன். டிகாஷன் திக்காக இறங்கியது. ஆனால் ஆறு டம்ளருக்கானது. இரண்டு டம்ளர் குடித்தேன். மிச்சத்தை வைத்துப் பார்த்து, மதியம் கொட்ட வேண்டியதாயிற்று. நல்ல டிகாஷனைக் கொட்டும்போது மனம் என்ன பாடுபடும் என்பது காபி வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ஃபில்டரில் தண்ணீர் எவ்வளவு நேரம் பொடியோடு இருக்கிறது என்பதைப் பொடி அடுக்கின் கனம் தீர்மானிக்கிறது. அகலமான பாத்திரத்தில் கொஞ்சம் பொடி போட்டால் கனம் கிடைக்காது. தண்ணீர் பொடியைத் தொட்ட வேகத்தில் ஓடிவிடும். எனவே பொடியைக் கூட்டிப் பயனில்லை. பாத்திரம் குறுக வேண்டும். ஈரோட்டில் நான் வழக்கமாகப் போகும் பாத்திரக் கடையில் கேட்டேன். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு குட்டி ஃபில்டரை எடுத்துத் தந்தார். என் உள்ளங்கைக்குள் நின்றது. மேல் கிண்ணத்தில் 100 மில்லியை விடக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். துளைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கினேன். மலிவான சின்ன ஃபில்டர்களில் துளை பெரிதாக இருக்கும். பொடி கீழே இறங்கி டிகாஷனில் வண்டல் தங்கும். வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கத் தவறாதீர்கள்.

இப்போது அளவு கைக்குப் பழகிவிட்டது. 20 கிராம் பொடி, 100 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கீழே 60 மில்லி அளவுக்கு டிகாஷன் கிடைக்கும். அதில் 40 மில்லியும் 120 மில்லி பாலும் சேர்ந்தால் ஒரு நிறை டம்ளர். மிச்சம் 20 மில்லியை அரை மணி கழித்து வெந்நீர் மட்டும் விட்டுக் குடிப்பேன். ஊரிலேயே ஒரு காலைக்கு ஒரு பொட்டலம் என்று 20 கிராமாக எடை போட்டுக் கட்டிக்கொண்டுபோகிறேன். மலையில் பொடி டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் பனியீரம் ஏறும், மணமும் போய்விடும். பொடி, பீபரிக் கொட்டையில் (பழத்துக்குள் இரண்டாக இல்லாமல் ஒற்றையாக, உருண்டையாக விளைவது) அரைத்தது, 80க்கு 20 சிக்கரி. சிக்கரி கலந்ததைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. வீட்டில் வேண்டுமானால் அவர்கள் விருப்பம். சின்ன ஃபில்டரில், குளிரில், சிக்கரி உதவத்தான் செய்கிறது. அது தண்ணீரைப் பிடித்து மெல்ல விடுகிறது. டிகாஷன் நின்று இறங்குகிறது. சிக்கரியே இல்லாத பொடியை ஒருமுறை கொண்டுபோனேன். வாசனை பிரமாதம், ஆனால் இறங்கிய வேகத்தில் உடம்பில்லாத டிகாஷன்.

தோட்டத்திலேயே தங்குவதால் பொடி அங்கே கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். கூடாரத்தைச் சுற்றிச் செடி செடியாகப் பழம் சிவந்து நிற்கும். ஏற்காட்டில் காபி 1820களில் வந்தது. அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. 200 ஆண்டுக் காபி மண்ணில் படுத்து எழுந்தாலும், குடிக்க ஒரு பிடி பொடி அந்தத் தோட்டத்தில் இருக்காது. பழத்தைத் தோலுரித்து, கழுவி, களத்தில் காயவைத்து, உமியோடு மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். உமி நீக்குவதும் தரம் பிரிப்பதும் வறுப்பதும் வேறு ஊர்களில் நடக்கிற வேலைகள். பழம் எடுக்க வரும் பெண்கள் தூக்குவாளியில் கொண்டுவருவது தேநீர். அதைப் பார்த்த முதல் நாள் எனக்கு என்னவோ போல் இருந்தது.

மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் என்பது பள்ளியில் படித்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே தளதளவென்று கொதிக்கிறது. கொடைக்கானல் உயரத்தில் இன்னும் இரண்டு டிகிரி குறையும். பருப்பு வேகத்தான் இது தொல்லை. காபிக்கு இது வரம். டிகாஷன் நன்றாக இறங்கத் தேவையான சூடு 90இலிருந்து 96 டிகிரி வரை என்பார்கள். ஈரோட்டில் கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிடம் வைத்து ஊற்றுவேன், அப்படியே ஊற்றினால் கசப்பு ஏறும். ஏற்காட்டில் கொதிக்கக் கொதிக்கவே ஊற்றலாம்.

ஆனால் அந்தச் சூட்டைக் காப்பாற்றுவதுதான் பாடு. ஜனவரி விடியலில் என் சிறிய வெப்பமானி 11 டிகிரி காட்டியிருக்கிறது. எவர்சில்வர் ஃபில்டர் அந்தக் குளிரில் இரவெல்லாம் கிடந்து பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதில் பொடியைப் போட்டு 100 மில்லி வெந்நீரை ஊற்றினால், ஃபில்டரே பாதிச் சூட்டைக் குடித்துவிடும். ஆறிய தண்ணீர் பொடியிலிருந்து சரியாக எடுக்காது, சீக்கிரம் இறங்கவும் இறங்காது. இரண்டாம் பயணத்தில் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்து, ஜில்லென்று இரண்டு கரண்டி டிகாஷனைப் பார்த்தேன். அந்த அனுபவத்துக்குப் பிறகு சாப்பாட்டுக்குக் கொண்டுபோகும் சின்ன ஹாட்பாக்ஸ் ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொண்டேன். இரண்டு பங்கு தண்ணீர் கொதிக்க வைப்பேன். முதல் பங்கை ஃபில்டரின் இரண்டு கிண்ணத்திலும் ஊற்றி, கை பொறுக்காத சூடு ஏறியதும் கொட்டிவிடுவேன். துடைத்துப் பொடியைப் போட்டு, தண்டு வைத்த துளைத்தட்டால் லேசாக, மிக லேசாக, சமப்படுத்துவேன். இரண்டாம் பங்கில் முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் சுற்றி ஊற்றி, இருபது வரை எண்ணிவிட்டு மீதியை ஊற்றுவேன். மூடியைப் போட்டு, துண்டால் சுற்றி, ஹாட்பாக்ஸுக்குள் இறக்கி மூடிவிட வேண்டியதுதான். அரை மணியில் டிகாஷன் இறங்கிவிடும், சூடாகவே.

எரிவாயுக் குப்பிக்கும் குளிர் ஆகாது. குப்பிக்குள் திரவமாக இருக்கும் பியூட்டேன் ஆவியாகித்தான் எரிய வேண்டும். குளிரக் குளிர அது ஆவியாவது மட்டுப்படும். போதாததற்கு, வாயு வெளியேற வெளியேறக் குப்பி தானாகவே மேலும் குளிரும். நல்ல நீலச் சுடர் ஐந்தே நிமிடத்தில் தலை சாய்ந்துவிடும். நாம் வாயு தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். புரொப்பேன் கலந்த குப்பி இந்தக் குளிரில் மேல். அதோடு, இரவில் குப்பியை அடுப்பிலிருந்து கழற்றி என் கம்பளிக்குள், கால்மாட்டில் வைத்துக்கொள்கிறேன். காலையில் அது உடம்புச் சூட்டில் இருக்கும். குழாயைத் திருகியதும் சீராக எரியும். காற்றுக்கு மறைப்பு வைக்கும்போது ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். குப்பியையும் சேர்த்து நாலாபுறமும் அடைத்தால் குப்பி சூடேறி வெடிக்கும். ரயிலில் எரிவாயுக் குப்பிக்குத் தடை இருக்கிறது. நான் சொந்தக் காரில் போவதால் கொண்டுபோக முடிகிறது.

இனி எழுதப்போவதைத்தான் அவசியம் படிக்க வேண்டும் என்பேன்.

மூன்றாம் பயணம். மணி ஐந்தே முக்கால். நெற்றி விளக்கின் வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. அடுப்பை ஒரு கல்லின் மேல் வைத்திருந்தேன். கல்லில் பாசி படர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. நான் வீட்டில் தரையில் உட்கார்ந்து பழகியவள். அங்கேயும் அடுப்புக்கு நேரே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி மேலே வந்தது. இடுக்கி கொண்டுவரவில்லை. சால்வை நுனியை மடித்துக் கிண்ணத்தைப் பிடித்தேன். கல்லின் மேல் அடுப்பு ஒரு விரற்கடை வழுக்கியது, அவ்வளவுதான். பால் என் இடது கணுக்காலில் கொட்டியது. வெந்நீர் பட்டால் வழிந்துவிடும். பால் ஏடோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே வேகவைக்கிறது. காலுறையைக் கழற்ற எடுத்த அந்தச் சில நொடி நீண்டதாகத் தோன்றியது.

முதலில் நான் செய்தது, அடுப்பை அணைத்தது. பிறகு நொண்டிக்கொண்டு களத்துக் குழாய்க்குப் போய்த் தண்ணீரைத் திறந்து காலை நீட்டினேன். சுட்ட இடத்தில் ஓடும் தண்ணீர் 20 நிமிடம் படவேண்டும் என்று அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சியில் சொன்னது நினைவில் இருந்தது. அந்தக் குளிரில் 20 நிமிடம் நிற்பது எளிதல்ல. சால்வையைப் போர்த்திக்கொண்டு கைபேசியில் நேரத்தைப் பார்த்தபடி நின்றேன். பற்பசை, மை, மஞ்சள் எதையும் போடவில்லை. சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடிக்கொண்டு, விடிந்ததும் காவலரின் துணையோடு ஊருக்குள் போய் மருத்துவரைப் பார்த்தேன். கொப்புளம் எழுந்தது; பதினைந்து நாளில் ஆறிவிட்டது. தண்ணீரில் நிற்காமல் விட்டிருந்தால் இவ்வளவு லேசாகப் போயிருக்காது என்றார் மருத்துவர்.

வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் ஓடிவர ஐந்து பேர் இருக்கிறார்கள். தனியாக இருக்கும் இடத்தில் அடுப்புக்கு முன் உட்காரும் விதத்திலேயே முன்யோசனை வேண்டும். இப்போது ஒரு குட்டை முக்காலி வைத்திருக்கிறேன். அடுப்புக்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருகிறேன். பாத்திரம் கவிழ்ந்தால் எந்தப் பக்கம் கொட்டும் என்று பார்த்து, அந்தப் பக்கம் என் கால் இல்லாதபடி. செருப்பு போடுவதில்லை, மூடிய காலணிதான். அடுப்பு வைக்கும் கல்லை முந்தின நாள் மாலை வெளிச்சத்திலேயே தேர்ந்தெடுத்து, தேய்த்துக் கழுவி, அசைத்துப் பார்த்துவிடுவேன். இடுக்கியை அடுப்பின் கைப்பிடியிலேயே நூல் போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். அதனால் அதை மறக்க வழியில்லை.

பாலைப் பற்றி. பாக்கெட் பாலைக் கீழேயிருந்து கொண்டுபோனால், போய்ச் சேர்ந்த அன்று மாலையே காய்ச்சிவிட வேண்டும். மூடி, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே பாத்திரத்தை வைத்தால் எறும்பு ஏறாது. மலைக் குளிரில் காலை வரை கெடாது. ஆனால் குரங்கு பார்த்துவிட்டால் பாலும் இல்லை, பாத்திரமும் இல்லை. ஆகவே காருக்குள்தான் வைப்பேன். இரண்டாம் நாளுக்கு, திறக்காதவரை வெளியிலேயே கெடாமல் இருக்கும் 200 மில்லி அட்டைப்பெட்டிப் பால். அது ஒருவருக்குச் சரியான அளவு. பால் பவுடர் கடைசிக் கையிருப்பு. அதைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரளும். வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக் கரைத்து, பிறகு சூடாக்க வேண்டும். நாட்டுச் சர்க்கரை போடுகிறவர்கள் பாலை இறக்கியபின் போடுங்கள், அடுப்பில் இருக்கும்போது போட்டால் திரிந்துபோகும். டிகாஷனைத் தீயில் காட்டவே கூடாது. பால் சூடாக இருந்தால் டிகாஷனுக்கு அந்தச் சூடே போதும்.

டபரா டம்ளர் இல்லாமல் போவதில்லை. எடை கூடுகிறதே, ஒரு மக் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் ஊரில் ஆற்றுவதுபோல நாலு முறை தூக்கி ஆற்றினால் மலைக் காற்றில் காபி பச்சைத் தண்ணீராகிவிடும். ஒரே ஒரு முறை, நுரை எழும்ப, கிட்டத்தில் பிடித்து ஆற்றுவேன். டம்ளரையும் முன்னதாக வெந்நீரில் சுடவைத்துக்கொள்வேன்.

ஆரம்பத்தில் இரவே டிகாஷன் போட்டு வைத்துக்கொண்டு படுத்தேன். அது வசதிதான். ஆனால் விடியும்போது அதில் மணம் உட்கார்ந்துபோயிருக்கும். இப்போது ஐந்து மணிக்கு எழுந்து, வெந்நீர் வைத்து, ஃபில்டரில் ஊற்றிவிட்டு, அரை மணி காத்திருக்கிறேன். அந்த அரை மணி நேரத்துக்காகவே இவ்வளவு தூரம் வருகிறேனோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஈரோட்டில் டிகாஷன் இறங்கும் நேரத்தில் நான் காய் நறுக்கியிருப்பேன், இரண்டு டிபன் பாக்ஸ் கட்டியிருப்பேன், தண்ணீர் மோட்டாரைப் போட்டு அணைத்திருப்பேன். டிகாஷன் இறங்குவதை 22 ஆண்டுகளில் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. அது தானாக இறங்கியிருக்கும், நான் வந்து எடுத்துக்கொள்வேன்.

இங்கே பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆனபின் ஹாட்பாக்ஸைத் திறந்து, ஃபில்டர் மூடியை எடுத்து, நெற்றி விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன். மேலே பழுப்பு நுரை. அதில் ஊசிமுனை அளவுக் குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. நுரை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுங்கி, தண்டைச் சுற்றி ஒரு வளையமாக நின்றது. தண்ணீர் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுவரில் அது விட்டுப்போகும் கோடு தெரிகிறது, குளத்துப் படியில் தண்ணீர் வற்றிய தடம் மாதிரி. காதை வைத்தால் கீழ்க் கிண்ணத்தில் சொட்டு விழும் ஓசை. முதலில் தொடர்ந்து, பிறகு விட்டு விட்டு. திறந்தால் சூடு போகும் என்று தெரியும். இருந்தும் அன்று மூன்று முறை திறந்து பார்த்தேன். அந்தக் காபி கொஞ்சம் ஆறித்தான் இருந்தது. பரவாயில்லை.

சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி கூடும்போது காட்டுக்கோழி கூவும். பிறகு சவுக்கு மரத்தின் நிறத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் உச்சி துலங்கும். அவற்றில் ஏறிய மிளகுக் கொடி அதற்குப் பின்னால்தான் தெரியவரும். செம்மீசைச் சின்னான் குருவிகள் பேச ஆரம்பிக்கும்போது பாலை அடுப்பில் ஏற்றுவேன். கடிகாரம் பார்ப்பதில்லை.

ஒரு அக்டோபர் காலையில் விடாமல் மழை. கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைத்துவிடலாமா என்று கை போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணம் கிடையாது, மூச்சுத் திணறுவதும் தெரியாது, தூக்கம் வருவதுபோல் வந்து ஆளை முடித்துவிடும். துணி தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. அன்று காபி இல்லாமல் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து மழை மாதங்களில் மட்டும் இரவு எட்டு மணிக்கே தண்ணீரைக் கொதிக்கவைத்து நல்ல ஃபிளாஸ்க்கில் நிரப்பிக்கொள்கிறேன். இரவு டிகாஷன், ஃபிளாஸ்க் வெந்நீர், குழைத்த பால் பவுடர். தீயே இல்லாமல் கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிடலாம். சுமாரான காபிதான், ஆனால் மழைச் சத்தத்தில் இறங்கிவிடும்.

சக்கையைச் செடியடியில் கொட்டுவதில்லை. மூடியுள்ள டப்பாவில் போட்டு வீட்டுக்கே கொண்டுவருகிறேன். பாத்திரம் கழுவுவதும் ஓடையில் இல்லை. வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தள்ளி வந்து, தேங்காய் நாரால் தேய்த்து, அந்த நீரை வெறுமண்ணில் விடுகிறேன்.

போன ஜனவரியில் காவலரின் மனைவி, அறுபது வயது தாண்டியவர், விடியலிலேயே களத்தைக் கூட்ட வந்தார். நான் அப்போதுதான் காபியை ஆற்றி முடித்திருந்தேன். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மணி, வாசனை வீடு வரைக்கும் வருகிறது. எனக்கும் ஒரு வாய் கிடைக்குமா?"

என்னிடம் இருந்தது ஒரு டம்ளர். டபராவில் பாதியைச் சாய்த்து, டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு டபராவை நான் வைத்துக்கொண்டேன். கல்லின் மேல் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார். பிறகு டம்ளருக்குள் பார்த்தார்.

"டிகாஷன் நன்றாக இருக்கிறது. பால்தான் சரியில்லை. அட்டைப்பெட்டிப் பாலா?"

ஆமாம் என்றேன்.

"மாடு வைத்திருக்கிறவள் வீட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பெட்டிப் பால் குடிக்கிறாயே. நாளைக்கு நான் கொண்டுவருகிறேன்."

மறுநாள் ஆறு மணிக்கு ஒரு செம்பில் பால் வந்தது, கறந்த சூடு மாறாமல். அதை மூன்று பொங்கு வரும்வரை காய்ச்சினேன். ஏடு தடிமனாக விழுந்தது. கொழுப்பு கூடிய பாலுக்கு 40 மில்லி டிகாஷன் போதவில்லை. நிறம் வெளுத்துத் தெரிந்தது. மிச்சம் வைத்திருந்த 20 மில்லியையும் ஊற்றினேன். பழையபடி டம்ளர் அவருக்கு, டபரா எனக்கு. இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடித்து முடித்து, செம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு, களத்தைக் கூட்டப் போனார்.

அடுத்த பயணத்துக்கான பொட்டலங்களை நேற்று கட்டினேன். ஒவ்வொன்றிலும் 30 கிராம் போட்டிருக்கிறேன். குட்டி ஃபில்டரில் அவ்வளவு பொடியும் அதற்கான தண்ணீரும் ஒரே ஊற்றில் கொள்ளாது. இரண்டாகப் பிரித்துத்தான் ஊற்ற வேண்டும். பத்து நிமிடம் கூடப் பிடிக்கும்.